வேதக்காரர் கடையில் என்ன கருப்பட்டி?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கருப்பட்டி வியாபாரம்தான் எங்களுக்கு முக்கியம். தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுக்கிறேன், கடையில் வசனப் பலகை மாட்டியிருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வரை எனக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மச்சினன் இப்போது வேறொரு சபைக்குப் போகிறார். நகையைக் கழற்று, டி.வி.யை எடு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிற பலகாரத்தை வாங்காதே, அதுதான் வேறுபிரிந்த ஜீவியம் என்கிறார். மனைவிக்கு இதில் வருத்தம். விடியுமுன் கடைக்குக் கிளம்புவதால் ஜெபிக்கவும் நேரமில்லை. சீனி கலந்த கருப்பட்டியும் கடையில் ஓடுகிறது, அது இல்லாமல் இன்றைக்குக் கடை நடத்த முடியாது, அது வேறு விஷயம். ஒவ்வொரு நாளும் அர்ப்பணிப்போடு, வித்தியாசமான கிறிஸ்தவனாக வாழ நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்பான தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை நகையும் டி.வி.யும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவை ஜெப நேரம். மூன்றாம் தடவைதான் "அது வேறு விஷயம்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றேன். அது வேறு விஷயம் இல்லை, தம்பி. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. உங்களுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவர் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டார்.

மச்சினன் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடுவோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் உண்மையான பக்தியோடு நகையைக் கழற்றி வைத்த எத்தனையோ தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கழற்றச் சொல்வது உங்கள் மனைவியின் கழுத்துச் சங்கிலியை. அதைக் குறித்து ஆண்டவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியதும் அவர்தான். உங்கள் அர்ப்பணிப்புக்கான விலையை அவரிடம் வாங்காதீர்கள். டி.வி.யால் குடும்ப ஜெபம் கெடுகிறதென்றால் அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். கொடைப் பலகார விஷயத்தில், விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நிதானமாக வாசியுங்கள். சாப்பிட மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லையா, சாப்பிட வேண்டாம். ஆனால் கொண்டுவந்து தருகிற பக்கத்துக் கடை அண்ணாச்சியின் முகம் வாடும்படி ஒரு வார்த்தை பேசாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்த பலகாரத்தை அவர் எப்படி வாங்கினார் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிவெடுத்துவிடலாம். கருப்பட்டி அப்படியில்லை.

நான் குருவானவராக முதலில் போன சேகரம், அதாவது என் பொறுப்பில் இருந்த சபைகள், தேரிக்காட்டை ஒட்டிய பனங்காட்டு ஊர்கள். செம்மணல், பனை, நடுவில் ஒரு சின்ன ஆலயம். அங்கே ஒரு பனையேறி இருந்தார். விடிய இன்னும் இருட்டு இருக்கும்போதே மரத்தடியில் நிற்பார். இடுப்பில் அருவாள்பெட்டி, தோளில் குடுவை. மரம் ஏற உதவுகிற தளைநாரைக் காலில் மாட்டுவதற்கு முன் உள்ளங்கையை மரத்தில் வைத்து, "கர்த்தாவே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான் ஜெபம். பிறகு ஏறுவார். அடுத்த மரம், மறுபடியும் "கர்த்தாவே". காலையிலும் சாயங்காலமுமாக ஒரு நாளைக்கு எத்தனை மரமோ அத்தனை தடவை.

அவர் மனைவி விடிலியில், அதாவது காய்ச்சுவதற்கென்று போட்ட ஓலைக் குடிசையில், பதனீர் காய்ச்சுவார். ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஓலைக் கூரைக்குள் புகை கண்ணைக் கரித்தது. பதனீர் பொங்கி, அடங்கி, கருப்பட்டிக்கு ஏற்ற கூப்பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். அது உருளுமட்டும் காத்திருந்து, இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்: "முந்தாநாள் யாவாரி ஒருத்தர் வந்தாரு ஐயா. அரை மூட்டை சீனி இறக்கித் தாரேன், பதனியோட சேத்துக் காய்ச்சுங்க, யாருக்குத் தெரியப்போவுதுன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். அவிய கர்த்தாவேன்னு சொல்லித்தான் மரத்துல கால வைக்காவ. எறங்கி வந்த பொறவு நான் இங்க சீனியக் கொட்டுனா, அந்தக் கூப்பாட்டுக்கு என்னய்யா அர்த்தம்?"

எனக்கு அப்போது 28 வயது. இறையியல் கல்லூரியில் பரிசுத்தம் என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்திருந்தேன். அந்த விடிலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சகரியா தீர்க்கதரிசியின் கடைசி வசனங்கள் எனக்குப் புரிந்தன. ஆசாரியனுடைய பட்டத்தில் பொறித்திருந்த "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்ற எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளிலும் இருக்கும், எருசலேமிலும் யூதாவிலும் இருக்கிற எல்லாப் பானைகளும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும் என்று அங்கே இருக்கிறது. பானை, தம்பி. சமையல் பானை. பதனீர் காய்ச்சுகிற பானையை அந்த அம்மா அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். உங்கள் கடையில் கருப்பட்டி வாங்க யார் வருகிறார்கள்? மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், மருந்து கிண்ட வேண்டும் என்று ஒரு தாய் வருவார். பேத்தி ஆளாகியிருக்கிறாள், உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆச்சி வருவார். நல்லெண்ணெயும் உளுந்தும் தரமாகப் பார்த்து வாங்கிவிட்டு, கருப்பட்டிக்கு மட்டும் இரண்டு கடை தாண்டி உங்களிடம் வருகிறார் என்றால் ஏன் வருகிறார்? "வேதக்காரர் கடை, ஏமாத்த மாட்டாவ" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் நம்மை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். நாமாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை அது. ஊர் வைத்த பெயர். வேதத்தைக் கையில் வைத்திருக்கிறவன், அதன்படி நடப்பான் என்ற எண்ணத்தில் வைத்தது. கிலோ நாற்பது சொச்ச ரூபாய் சீனியைக் கருப்பட்டி விலைக்கு அந்த ஆச்சியின் பையில் போடும்போது, நீங்கள் விற்பது சீனியை மட்டும் இல்லை. அந்தப் பெயரையும் சேர்த்துத்தான்.

நான் கடுமையாக எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இதில் என் பங்கும் இருக்கிறது. 31 வருஷம் பிரசங்க பீடத்தில் நின்றவன் நான். என் சபைகளில் வியாபாரிகள் நிறையப் பேர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்தவர்களை மேடையில் பாராட்டியிருக்கிறேன். கோபுர வேலைக்கு அவர்கள் கொடுத்த தொகையை வாசித்திருக்கிறேன். அவர்கள் தராசைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் காணிக்கை குறைந்துவிடும் என்ற பயம் உள்ளே இருந்தது. அதை இன்றைக்கு வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் உங்கள் கருப்பட்டியை "வேறு விஷயம்" என்று ஒதுக்கி வைக்கக் கற்றுக்கொண்டது என்னைப் போன்றவர்களிடம்தான்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி வாசியுங்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிற அதிகாரம். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று பாருங்கள். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவை என்று வரும். கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கக்கூடாது என்று வரும். காது கேளாதவனைத் திட்டாதே, கண் தெரியாதவன் முன் தடுக்கலை வைக்காதே என்று வரும். அந்தக் கட்டளையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்தான் பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். நீங்கள் தினம் அந்த வழியாகத்தான் போய்வருவீர்கள். அதிகாரத்தின் முடிவில் நியாயமான தராசும் நியாயமான நிறைகல்லும் நியாயமான மரக்காலும் நியாயமான படியும் வரும். பரிசுத்தத்தைப் பேச ஆரம்பித்த ஆண்டவர் வந்து நிற்கிற இடம் உங்கள் கடை மேஜை.

நம் முன்னோர்கள் வேறுபிரிந்து வாழ்ந்தார்கள் என்று மச்சினன் சொல்லியிருப்பார். உண்மைதான். 1799-இல் முதலூர் உண்டானது எப்படி? விசுவாசத்தின் நிமித்தம் சொந்த ஊரில் அடிபட்டவர்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்நின்றதால் உண்டான ஊர் அது. வீடும் நிலமும் போன பிறகுதான் அவர்களுக்குத் தனி ஊர் வந்தது. அதற்கும் முன்னால், 1785-இல் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் ஆலயம் கட்டிய, பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலயத்தை நம் ஜனங்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அந்த அம்மாளின் பெயரில் ஒரு கிணறும் அங்கே உண்டு. கோயிலைக் கட்டியவர் தாகத்தையும் யோசித்திருக்கிறார். எனக்கு அந்தக் கிணற்றின் மேல் தனிப் பிரியம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மனைவியிடம் பேசுங்கள். நகையைப் பற்றி இல்லை, கடைக் கணக்கைப் பற்றி. சீனிக் கருப்பட்டியை நிறுத்தினால் மாதம் எவ்வளவு குறையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், கடை வாடகை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதுங்கள். குறைவது தெரிந்தே இறங்குங்கள். "நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும்" என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்குப் பெருகியிருக்கிறது, சிலர் கடையையே சின்னதாக்கிக்கொள்ள வேண்டி வந்தது. இரண்டு வகையானவர்களையும் அடக்கம் பண்ணியிருக்கிறேன். சின்னக் கடைக்காரரின் அடக்கத்துக்கு வந்த கூட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்து, இருப்பில் இருக்கிற சீனிக் கருப்பட்டிச் சிப்பங்கள். அதைக் கருப்பட்டி என்ற பெயரில் இனி எடை போடாதீர்கள். கலப்படத்தை அப்படி விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுங்கள், ஆனால் அவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் நஷ்டத்தை நீங்கள் தாங்குங்கள். பாதி விலைக்கு வேறு கடைக்காரர் தலையில் கட்டாதீர்கள். அவரிடமும் ஒரு ஆச்சி வருவார்.

புதுச் சரக்குக்கு, இந்தப் பங்குனிக்குள் இரண்டு மூன்று பனையேறிக் குடும்பங்களை நேரில் போய்ப் பாருங்கள். விடிலியில் உட்கார்ந்து காய்ச்சுவதைப் பாருங்கள். சீனி கலக்காத தனிக் கருப்பட்டிக்கு அவர்கள் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சீனி ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? மரம் ஏற ஆள் குறைந்துபோனது, ஏறுகிறவனுக்கும் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கியதை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால், காய்ச்சுகிறவர்கள் கை சீனிப் பக்கம் போகத்தான் செய்யும். கலப்படம் அந்த விடிலியில் ஆரம்பிப்பதில்லை. அதற்கு முன்பே, விலை பேசுகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. சீசனுக்கு முன்பணம் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி. ஆனால் அந்த முன்பணத்தை வைத்து அவர்களை வேறு யாருக்கும் விற்க முடியாதபடி கட்டிப்போடாதீர்கள். நம் பக்கத்தில் பனையேறி பட்ட கடன் எப்படிப்பட்டது என்று உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தனிக் கருப்பட்டி மழைக்காலத்தில் இளகும், கசியும். கலந்தது கல்லு மாதிரி இருக்கும். வாடிக்கையாளர்கள் பலருக்கு இளகினது கெட்டுப்போனது என்று ஒரு நினைப்பு. பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு துண்டை உடைத்து வாயில் போடக் கொடுங்கள். உப்பு மாதிரி ஒரு கரிப்பு அடியில் இருக்கும், கூடவே, பதனீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பின் வாசம் லேசாக. அந்தச் சுவையை ஒரு தடவை அறிந்தவர் ஏமாற மாட்டார்.

கடையில் வேலை செய்கிற பையன்கள் இருப்பார்களே, அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சம்பளம் சொன்ன தேதிக்குப் போகிறதா? மதியச் சாப்பாடு உங்களோடு உட்கார்ந்தா, பின்பக்கம் தனியாகவா? அவர்களில் ஒருவன் வேறு சாதியாக இருந்தால் அவனுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான் இது. இருநூறு வருஷத்துக்கு மேலாக வேதம் நம் கையில் இருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சாதி பார்த்து வாசலில் நிறுத்துகிறோம், வரன் தேடும்போது சாதிப் பெயரைத்தான் முதலில் கேட்கிறோம். இந்தச் சீமையில் ஒருவன் வித்தியாசமான கிறிஸ்தவன் என்று சொல்ல வேண்டுமானால், இந்த ஒரு இடத்தில் வித்தியாசமாக இருந்தாலே ஊர் திரும்பிப் பார்க்கும். சொந்தக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள், கோபத்தோடு. அதற்கும் தயாராக இருங்கள்.

ஜெப நேரத்துக்கு வருகிறேன். விடியுமுன் கிளம்புகிறவரை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் சுமை ஏற்றத்தான் அது உதவும். ராத்திரி கல்லாவை எண்ணி முடித்ததும், ஷட்டரை இறக்குவதற்கு முன், பத்து நிமிஷம் அந்த ஸ்டூலிலேயே உட்காருங்கள். அன்றைக்கு வந்தவர்களில் மூன்று பேர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு என்ன கொடுத்தேன், எப்படிப் பேசினேன் என்று ஆண்டவருக்கு முன் வையுங்கள். குறை இருந்தால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் சரிசெய்யுங்கள். காலையில் ஷட்டரில் கை வைக்கும்போது அந்தப் பனையேறி மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள், ஊழியத்துக்கு என்று. அவள் நீண்ட ஜெபம் பண்ணி நான் கேட்டதில்லை. சோறு பொங்குகிற நேரம்தான் அவளுக்கு ஆண்டவரோடு பேசுகிற நேரம்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. வரி வசூலிக்கிறவராக இருந்த சகேயு, இயேசுவிடம் இனி ஒழுங்காக இருப்பேன் என்கிற அளவில் நிற்கவில்லை, அநியாயமாக வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். உங்களிடம் வாங்கிப்போன எல்லாரையும் நீங்கள் தேட முடியாது. ஆனால் வருஷக்கணக்காக உங்களிடமே வாங்குகிற வீடுகள் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடுகள். புதுச் சரக்கு வந்ததும் அவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். "இதுவரைக்கும் உங்களுக்குக் கொடுத்தது தனிக் கருப்பட்டி இல்லை ஆச்சி, இதுதான் தனிக் கருப்பட்டி" என்று சொல்லிவிடுங்கள். நாக்கு எழாது. ஒரு சிலர் திட்டுவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள்.

உங்கள் மச்சினனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். அவரையும் விடிலிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நல்ல மனுஷராகத் தெரிகிறார். எங்கள் வீட்டில் சுக்குக் காப்பிக்கு மாதம் இரண்டு கிலோ கருப்பட்டி ஆகும். புதுச் சரக்கு வந்ததும் ஒரு கார்டு போடுங்கள், பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.